பெட்ரோல், ஹைப்ரிட், மின்சார கார்: மைலேஜை எப்படி ஒப்பிடுவது?

ஒரு பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ., ஒரு ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த கார்) 23 கி.மீ., ஒரு மின்சார கார் யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட்-மணி மின்சாரம்) 6 கி.மீ. தருகிறது, இதில் எது சிக்கனம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படியே வைத்து ஒப்பிட முடியாது. மூன்றையும் முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அந்தக் கணக்கில் 100 கி.மீ. ஓட பெட்ரோல் காருக்கு சுமார் 60 யூனிட், ஹைப்ரிடுக்கு 39 யூனிட் தேவை. மின்சார காருக்கு 17 யூனிட் போதும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 19 என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது? பெட்ரோல் இன்ஜின், எரிக்கும் எரிபொருளில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது. மின்மோட்டாரில் அந்த இழப்பு மிகக் குறைவு.

ஆனால் இந்த 19 யூனிட் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். நிலக்கரி மின்நிலையம், எரிக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்குச் சற்று அதிகமாகவோதான் மின்சாரமாக்குகிறது. அப்படிப் பார்த்தால் 19 யூனிட்டுக்குப் பின்னால் 50 யூனிட்டுக்கும் மேல் எரிந்திருக்கும். நல்ல ஹைப்ரிட் அதற்குச் சளைத்ததல்ல. சூரியசக்தியோ நீர்மின்சாரமோ என்றால் இந்தக் கணக்கே கிடையாது. மின்சார கார் எல்லா இடத்திலும் ஒரே அளவு சுத்தம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

அப்புறம், நீங்கள் எந்தச் சாலையில் ஓட்டுகிறீர்கள் என்பது முக்கியம். நெரிசலில் நின்று நின்று போகும்போது பெட்ரோல் கார் நிற்கும் நேரத்திலும் எரிபொருளைக் குடிக்கிறது. ஹைப்ரிடும் மின்சார காரும் பிரேக் போடும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, வேகத்தில் இருந்த ஆற்றலில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகின்றன. நெடுஞ்சாலையில் பிரேக் போடும் வேலையே குறைவு என்பதால் ஹைப்ரிடின் அனுகூலம் சுருங்கிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிவிடுவதால், மின்சார காரின் ரேஞ்சும் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) அங்கே சட்டென்று குறையும். கடும் குளிரில் அதற்கு இன்னொரு செலவு உண்டு: பெட்ரோல் கார் இன்ஜின் சூட்டிலேயே உள்ளே கதகதப்பாக்கிக்கொள்ளும், மின்சார கார் அதற்கும் பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பழைய காரை மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். லிட்டருக்கு 10 கி.மீ. தரும் காரை விட்டு 12.5 கி.மீ. தரும் காருக்கு மாறினால் 100 கி.மீ.க்கு 2 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 25-க்கு மாறினால் மிச்சம் 1 லிட்டர்தான். பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வீட்டில் இரண்டு கார் இருந்தால் அதிகம் குடிப்பதை முதலில் மாற்றுங்கள்.

சரி, என் கருத்து: வீட்டிலேயே சார்ஜ் போட வசதி இருந்து, தினசரி ஓட்டம் நகரத்துக்குள் என்றால் தயங்காமல் மின்சார கார் வாங்குங்கள். வீட்டில் சார்ஜ் போட வழியில்லாமல் நகர நெரிசலில் ஓட்டுபவருக்கு ஹைப்ரிட். வெளியே இருக்கும் வேக சார்ஜர்களில் யூனிட் விலை பெரும்பாலும் வீட்டைவிடக் கூடுதலாக இருக்கும், ஆகவே நீங்கள் உண்மையில் எங்கே சார்ஜ் போடப்போகிறீர்களோ அந்த விலையை 19-ஆல் பெருக்கி, உங்கள் ஊர் பெட்ரோல் விலையை 4.35-ஆல் பெருக்கியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்ன ஹைப்ரிட் 100 கி.மீ.க்குக் குடிப்பது அந்த 4.35 லிட்டர்தான்.