ஜெர்ரியின் தம்பி மைக் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முகமது அலியின் சண்டைகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஜெர்ரி குவாரி பெயர் வந்தது. அவருடைய தம்பி மைக்கும் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர் என்று அப்புறம் படித்தேன். அண்ணன் பெயரை வைத்துத்தான் அவருக்கு உலகப் பட்டப் போட்டி கிடைத்ததா? நானும் குத்துச்சண்டை பழகுகிறேன். எங்கள் ஊரில் என் அண்ணனைத் தெரியாதவர்களே இல்லை. அதனால் கேட்கிறேன்.

ஒரு கபடி வீரரின் தம்பி,
திண்டுக்கல்

அன்புள்ள தம்பிக்கு,

இல்லை. 1972 ஜூன் 27 அன்று லாஸ் வேகாஸில் சாம்பியன் பாப் ஃபாஸ்டரை எதிர்த்து ரிங்குக்குள் ஏறியபோது மைக்குக்கு 21 வயது. அதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட சண்டைகள், ஒன்றில்கூடத் தோற்றதில்லை. அண்ணன் ஹெவிவெயிட் என்ற அதிகபட்ச எடைப் பிரிவு, இவர் அதைவிடக் குறைந்த எடைக்கான லைட் ஹெவிவெயிட். ஜெர்ரியின் அடியில் இருந்த கனம் மைக்கிடம் கிடையாது. கால் வேகத்தையும் கை வேகத்தையும் நம்பி, சுற்றுச் சுற்றாகப் புள்ளி சேர்த்து ஜெயிப்பவர். அண்ணன் பெயரை வைத்து அப்படி ஜெயிக்க முடியாது.

அண்ணன் பெயர் உதவியது விளம்பரத்துக்கு. அதே இரவு, அதே ரிங்கில் ஜெர்ரிக்கு அலியோடு சண்டை. 'சோல் பிரதர்ஸ் எதிர் குவாரி பிரதர்ஸ்' என்று போட்டார்கள். அலியும் ஃபாஸ்டரும் உடன்பிறந்தவர்களா என்ன? கறுப்பர்கள் இருவரைச் சகோதரர்கள் ஆக்கி, எதிரே நிஜமான வெள்ளைச் சகோதரர்களை நிறுத்தி டிக்கெட் விற்றார்கள். எனக்கு இதை இன்றும் ஏற்க முடியவில்லை.

நான்காம் சுற்று முடிந்து மணியடிக்கச் சில நொடிகளே இருந்தன. ஃபாஸ்டரின் இடது ஹூக், பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, மைக்கின் தாடையில் விழுந்தது. மல்லாந்து விழுந்த மைக் அசையவே இல்லை. செத்துவிட்டானோ என்று ஃபாஸ்டரே பயந்துபோனார். தம்பி விழுந்த அதே ரிங்குக்குள் அப்புறம் ஜெர்ரி ஏற வேண்டும். ஏறினார். ஏழாம் சுற்றில் அலி முடித்துவிட்டார்.

மைக்கின் கதையை எல்லோரும் அந்த இரவோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதுதான் ஆற்றாமை. அவர் 1982 வரை ஆடினார். மொத்தம் 63 வெற்றி, அண்ணனுக்கு 53. ஆனால் இன்னொரு பட்டப் போட்டி வாய்க்கவில்லை. ஜெர்ரிக்கும் உலகப் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை.

'குவாரிக்காரன் பாதியில் விடமாட்டான்' என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர் அவர்களுடைய அப்பா. 1983இல் எடுத்த ஸ்கேனிலேயே ஜெர்ரியின் மூளைப் பாதிப்பு தெரிந்தது. அதற்கப்புறமும் விடவில்லை, 1992இல், 47 வயதில்கூட ஒரு சண்டை ஆடினார். கடைசியில் தானாகச் சாப்பிடவோ உடுத்தவோ முடியாத நிலை. குத்துச்சண்டையைத் தொழிலாக்காத சகோதரர் ஜேம்ஸ்தான் அவரைக் கூட இருந்து கவனித்தார். ஜெர்ரி 1999இல் 53 வயதில் இறந்தார். தலையில் வாங்கிய அடிகளால் வரும் அதே மறதி நோய் மைக்கையும் பிடித்தது. 2006இல் போனார், 55 வயது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பயிற்சியில் தலையில் பலமாக அடிபட்டு ஒரு நொடி கண் இருட்டினாலும் சரி, அன்றைக்குக் கையுறையைக் கழற்றிவிடுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை ரிங்குக்குள் போகாதீர்கள். கோச் திட்டினாலும், அண்ணன் கேலி செய்தாலும்.

அடுத்த போட்டி எப்போது என்று எழுதுங்கள். கடிதத்தின் கீழே உங்கள் பெயரையும் போடுங்கள்.