ஜெர்மனிக்குப் போகும் மகளுக்கு எந்த லேப்டாப்?

கேள்வி: மகள் மெக்கானிக்கல் மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள். லேப்டாப்பை இங்கேயே வாங்கலாமா?
– வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: இங்கேயே வாங்கிவிடுங்கள். அங்கே கடைகளில் பெரும்பாலும் ஜெர்மன் கீபோர்டுதான். ஒய், இசட் இடம் மாறியிருக்கும். மெக்கானிக்கல் டிசைனுக்கான சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் விண்டோஸுக்கானது, அதனால் மேக் வேண்டாம். 16 ஜிபி ரேம், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபிக்குக் குறையக் கூடாது. ரேமை லேப்டாப்பின் மதர்போர்டிலேயே பற்றவைத்திருந்தால், கூடுதல் ஸ்லாட் இருந்தால்தான் பிறகு கூட்ட முடியும், கட்டாயம் கேளுங்கள். வாரன்டி ஜெர்மனியிலும் செல்லுமா என்பதைக் கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாமல் கம்பெனியின் இணையதளத்தில் பாருங்கள். பில்லில் சீரியல் எண் இருக்கட்டும்.

அங்கேயும் 230 வோல்ட்தான், சார்ஜர் மாற்ற வேண்டாம். ஆனால் நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. சார்ஜரிலிருந்து சுவருக்குப் போகும் ஒயர் கழற்றக்கூடியதென்றால், அதை மட்டும் அங்கே வாங்கிக்கொள்ளட்டும். நம் பிளக்கை அங்கே பொருத்த உதவும் மலிவான அடாப்டர்கள் சிலவற்றில் எர்த் இணைப்பே இருக்காது.