108 எடுத்த மகளும் 130 கேட்கும் வகுப்பும்

கேள்வி: எங்கள் மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் மீத்திறன் மாணவர் வகுப்புக்கு ஐ.க்யூ. தேர்வு வைத்தார்கள். 130 வேண்டுமாம். அவள் 108-தான் எடுத்துத் தோற்றுவிட்டாள். அவள் எவ்வளவு கெட்டிக்காரி என்று பெற்றவர்களுக்குத் தெரியாதா? நோபல் பரிசு வாங்கியவர்களே இந்தத் தேர்வில் தேறவில்லை என்கிறார்கள். தனிப் பயிற்சி கொடுத்து, வெளியே மறுதேர்வு எழுத வைத்து, முதல்வரிடம் இடம் கேட்கலாமா? – ஒரு தாய்

பதில்: நோபல் கதை உண்மைதான். அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-ல் தொடங்கிய ஆய்வுக்காக மேதைக் குழந்தைகளைத் தேடியபோது, வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரெஸ் என்ற இரண்டு சிறுவர்கள் மதிப்பெண் போதாமல் விடுபட்டார்கள். ஒருவர் 1956-லும் மற்றவர் 1968-லும் இயற்பியலுக்கான நோபல் வாங்கினார்கள். தேர்வு தவறக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அந்தப் பட்டியலில் இடம் கிடைக்காமலேதான் இருவரும் வளர்ந்தார்கள். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

‘தோற்றுவிட்டாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது. இந்தத் தேர்வில் சராசரி 100. உங்கள் மகள் நூறு பிள்ளைகளில் சுமார் எழுபது பேரைத் தாண்டியிருக்கிறாள். 130-ஐ எட்டுகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். அவள் 127 எடுத்திருந்தால் போய்ப் போராடுங்கள் என்றே சொல்லியிருப்பேன்; மூன்று நான்கு புள்ளிகள் முன்னே பின்னே ஆவது சகஜம். 22 புள்ளி அப்படிப்பட்ட இடைவெளி இல்லை.

மறுதேர்வு கேட்க நியாயமான காரணங்கள் உண்டு. அன்றைக்குக் காய்ச்சல், சரியாகக் கண் தெரியவில்லை, வீட்டில் பேசாத மொழியில் தேர்வு, புதியவர்களிடம் வாயே திறக்காத சுபாவம் – இவற்றில் ஏதாவது இருந்ததா? முதலில் பகுதிவாரி மதிப்பெண்களைக் கேட்டு வாங்குங்கள். சொல்லறிவில் மிக உயர்வாகவும் வேகத்தில் மிகத் தாழ்வாகவும் இருக்கும் பிள்ளைக்கு மொத்த எண் நடுவில் வந்து நின்றுவிடும். டிஸ்லெக்சியா (எழுத்துகளை வாசிப்பதில் வரும் சிரமம்) உள்ள கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் யார் கண்ணிலும் படாமல் போகிறார்கள். உங்கள் மகள் விஷயத்திலும் அப்படித் தெரிந்தால் முதல்வரைத் தயங்காமல் போய்ப் பாருங்கள்.

பயிற்சி மட்டும் வேண்டாம். கேள்விகளை முன்கூட்டியே பழக்கினால் எண் ஏறத்தான் செய்யும். அப்புறம் அந்த வகுப்பில் தினமும் உட்காரப்போவது அவள். சாதாரண வகுப்பில் நம்பிக்கையோடு இருந்த பிள்ளை, மிகத் திறமையானவர்கள் நடுவே போனதும் ‘எனக்கு ஒன்றும் வராது’ என்று நினைக்கத் தொடங்குவதை ஹெர்பர்ட் மார்ஷ் போன்ற உளவியலாளர்கள் 1980-களிலிருந்தே எழுதி வருகிறார்கள். எட்டு வயதில் அந்த எண்ணம் எதற்கு?

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஒன்று உண்டு. அவளுக்கு எது பிடிக்கும், இப்போதைய வகுப்பு அவளுக்குச் சலிக்கிறதா என்று ஒரு வரிகூட இல்லை. சலிக்கிறதென்றால் அவளுடைய டீச்சரிடம் பேசி, கணக்கிலோ வாசிப்பிலோ கொஞ்சம் கடினமானதைக் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு 130 தேவையில்லை. சந்தோஷமாகத்தான் போய் வருகிறாள் என்றால், இந்த இடம் யாருக்கு வேண்டியிருக்கிறது என்று நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சு அவள் தூங்கிய பிறகு நடக்கட்டும். 108, 130 எல்லாம் அவள் காதில் விழ வேண்டாம்.