பதிவு செய்யாத உயிலும் தரகர் நீட்டும் விடுதலைப் பத்திரமும்

கேள்வி: என் தந்தை சென்ற ஆண்டு காலமானார். அம்மா, அண்ணன், மகளான நான் ஆகிய மூவரே வாரிசுகள். தந்தை வாழ்ந்த வீடு முழுவதும் தனக்கே என்று அண்ணன் இப்போது ஓர் உயிலைக் காட்டுகிறார். அது பதிவு செய்யப்படாததால் செல்லாது என்றும், அண்ணன் பெயருக்கு விடுதலைப் பத்திரம் (என் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்தால் என் பங்குக்குரிய பணத்தை வாங்கித் தருவதாகவும் ஒரு தரகர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எழுதியவரின் கையொப்பமும், அவர் முன்னிலையில் கையொப்பமிட்ட இரண்டு சாட்சிகளும் இருந்தால் போதும் என்கிறது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். ஆனால் உயிலை மெய்ப்பிக்கும் பொறுப்பு அதை முன்வைக்கும் அண்ணனுடையது. சாட்சிகளில் ஒருவராவது உயிருடன் இருந்தால் அவரைக் கூண்டில் ஏற்றியாக வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான்.

உயிலின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கடைசிப் பக்கத்தை உற்றுப் பாருங்கள். மேலே தாராளமாக ஓடிய வரிகள் கையொப்பத்தை நெருங்கும்போது மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால், கையொப்பமிட்ட வெற்றுத் தாளில் பின்னர் தட்டச்சு செய்தார்களோ என்ற கேள்வி எழும். உயிலில் உள்ள தேதியில் தந்தை மருத்துவமனையில் இருந்தாரா என்பதையும் பாருங்கள்; வங்கிப் படிவங்களில் அவர் இட்ட கையொப்பத்தோடு உயிலில் உள்ளதையும் ஒப்பிட்டு வையுங்கள்.

உயில் நிலைக்காவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தந்தையின் சொத்து உங்கள் மூவருக்கும் சமமாகப் போகும். உயில் நிலைத்து, வீடும் தந்தையின் தனிச் சொத்தாக இருந்தால், மகள் என்ற உரிமையில் அதில் பங்கு கேட்க முடியாது. இதைச் சொல்லாமல் உங்களுக்கு ஆசை காட்டுபவர்கள்தான் அதிகம்.

பூர்வீகச் சொத்தாக இருந்தால் தந்தை தம் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். தாத்தாவிடமிருந்து வந்ததெல்லாம் பூர்வீகச் சொத்து என்று பலர் நினைத்துக்கொண்டு வழக்குப் போடுகிறார்கள், அது சரியல்ல. தாத்தா தம் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, 1956-க்குப் பிறகு அவர் உயில் எழுதாமல் இறந்ததால் உங்கள் தந்தைக்கு வந்திருந்தால், அது தந்தையின் தனிச் சொத்தே ஆகும். ஆகவே தாத்தாவுக்கு அந்த வீடு எப்படி வந்தது, அவர் எந்த ஆண்டில் இறந்தார் என்ற இரண்டுக்கும் மூலப்பத்திரத்தையும் இறப்புச் சான்றையும் தேடி எடுத்த பிறகே வழக்கறிஞரிடம் செல்லுங்கள்.

விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் உங்கள் உரிமை அன்றோடு போய்விடும். பேசிய பணம் கைக்கு வராவிட்டாலும், பத்திரத்தில் 'தொகை பெற்றுக்கொண்டேன்' என்ற வரி இருக்கும். அதை உடைக்க ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். வெற்று முத்திரைத்தாளிலோ பொது அதிகாரப் பத்திரத்திலோ கையெழுத்து இடவே கூடாது. சார்பதிவாளர் அலுவலக வாசலிலேயே இந்த ஆட்கள் நாள்தோறும் நிற்கிறார்கள், கேட்பார் யாருமில்லை.

பட்டாவை அண்ணன் தம் பெயருக்கு மாற்றிவிட்டாலும் அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது. இருந்தாலும் மாறிய பட்டாவைக் காட்டித்தான் வீட்டை விற்பார்கள் என்பதால், வட்டாட்சியருக்கு இப்போதே சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஆட்சேபம் அனுப்புங்கள். பாகப்பிரிவினை வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக இழுக்கும் என்பது வெட்கக்கேடான உண்மை. அதனால்தான் வழக்கைத் தொடுக்கும் அன்றே, வீட்டை விற்காமலிருக்க இடைக்காலத் தடையாணை கோரும் மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.