பர்பனுக்கும் மற்ற விஸ்கிகளுக்கும் என்ன வித்தியாசம்?

"பர்பன் என்றால் மக்காச்சோளத்தில் செய்த அமெரிக்க விஸ்கி, அவ்வளவுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. மீதிப் பாதி பீப்பாயில் இருக்கிறது.

நான் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஆறேழு வருடமாக இருக்கிறேன். இந்த மாநிலத்தின் ஜனத்தொகை சுமார் 45 லட்சம். கிடங்குகளில் படுத்துக் கிடக்கும் பீப்பாய்களோ ஒரு கோடிக்கும் மேல். ஊரிலிருந்து யார் வந்தாலும் விஸ்கி வடிக்கும் ஒரு டிஸ்டிலரிக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. அப்படிப் போய்ப்போய்க் கற்றதுதான் இது.

முதலில் சட்டம். மாவுக்கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். காய்ச்சி வடிக்கும்போது சாராயச் செறிவு 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, பீப்பாயில் ஊற்றும்போது 62.5-ஐத் தாண்டக்கூடாது, பாட்டிலில் 40-க்குக் கீழே இறங்கக்கூடாது. தண்ணீரைத் தவிர எதையும் கலக்கக்கூடாது, நிறத்துக்குக் கேரமல்கூட. அமெரிக்காவில் செய்திருக்க வேண்டும். கென்டக்கியில்தான் என்று கட்டாயமில்லை (இதை இங்கே சத்தமாகச் சொல்லாதீர்கள்). கடைசி விதிதான் முக்கியம்: ஊறவைப்பது உட்புறம் தீயில் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயாக இருக்க வேண்டும். ஒருமுறை பர்பன் ஊறிய பீப்பாயில் மறுபடி பர்பன் ஊறவைக்க முடியாது.

சோளம் மட்டும் போதாது என்பதற்கு ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். இங்கே 'கார்ன் விஸ்கி' என்று தனியாக ஒரு வகை உண்டு. அதில் 80 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், பர்பனைவிட அதிகம். ஆனால் அதை மரத்தில் வைத்தால் பழைய பீப்பாயிலோ கருக்காத பீப்பாயிலோதான் வைக்கலாம். மெல்லோ கார்ன் என்று ஒரு பிராண்ட் கிடைக்கிறது, விலையும் குறைவு. அதையும் ஒரு சாதாரண பர்பனையும் பக்கத்துப் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். ஒன்று வைக்கோல் தண்ணீர் நிறம், இன்னொன்று தேன் நிறம். ஒன்றில் வேகவைத்த சோளத்தின் வாசம், இன்னொன்றில் வனிலாவும் கருப்பட்டிப் பாகும். இத்தனை வித்தியாசத்தையும் செய்வது பெரும்பாலும் பீப்பாய்தான்.

போன வருடம் சித்தப்பா வந்திருந்தார். வேலூர்ப் பக்கம், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். கேன்டீன் ரம்மைத் தவிர மற்றதெல்லாம் கஷாயம் என்பது அவர் கட்சி. புளிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் வழிகாட்டி, விரலை விட்டு ருசித்துப் பார்க்கலாம் என்றார். மஞ்சளாக, நுரைத்துக்கொண்டு, அடுப்பே இல்லாமல் தானாகக் கொதிக்கிற மாதிரி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. சித்தப்பா ஒரு விரல் நக்கிவிட்டு, "டேய், புளிச்ச கம்பங்கூழ்டா இது" என்றார். எனக்கு அதைவிட நல்ல வர்ணனை தெரியாது.

அங்கே ஒரு விஷயத்தில் நானும் ஏமாந்திருந்தேன். லேபிளில் 'சவர் மாஷ்' என்று போட்டிருப்பார்கள். முந்தின தடவை வடித்து மிஞ்சிய புளித்த சக்கையை அடுத்த கூழில் கொஞ்சம் சேர்ப்பார்கள். நம் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுவது போல என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்படியில்லையாம். வடித்த சூட்டில் அதிலிருந்த ஈஸ்ட் எல்லாம் செத்துப்போயிருக்கும். அதன் புளிப்பு மட்டும்தான் வேண்டும். வேண்டாத கிருமிகள் புதுக் கூழில் தலையெடுக்காமல் பார்த்துக்கொள்ளும். அநேகமாக எல்லா பர்பனும் இப்படித்தான் செய்யப்படுகிறது, அதனால் லேபிளில் அந்த வார்த்தையைப் பார்த்து ஏதோ விசேஷம் என்று காசு கூடக் கொடுக்க வேண்டாம்.

வடித்து வரும்போது அது பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். 'ஒயிட் டாக்' என்பார்கள். முகர்ந்ததும் சித்தப்பா சிரித்தார்: "பட்டைச் சாராயம்."

அப்புறம் பீப்பாய். சுமார் 200 லிட்டர் பிடிக்கும். உள்ளே தீயைப் பற்றவைத்துச் சில நொடிகள் எரியவிடுவார்கள். எவ்வளவு கருக்குகிறார்கள் என்பதற்கு நம்பர் உண்டு, அதில் நான்காம் நம்பர் கருக்கல் என்றால் ஏறக்குறைய 55 நொடி. மரம் வெடித்து முதலைத் தோல் போல ஆகிவிடும், பெயரும் அதுதான். மேலே கரி, அதற்குக் கீழே சூட்டில் மரத்தின் சர்க்கரை பாகாகிச் சிவந்த ஓர் அடுக்கு. வெயில் காலத்தில் சாராயம் விரிந்து மரத்துக்குள் போகும், குளிரில் சுருங்கித் திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் அந்த அடுக்கிலிருந்து நிறத்தையும் இனிப்பு வாசத்தையும் அள்ளிக்கொண்டு வரும். கரி தன் பங்குக்குக் காட்டமான சிலதைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கிடங்குகள் ஆறேழு மாடி உயரம், பெரும்பாலும் ஏசி எதுவும் கிடையாது. ஜூலையில் மேல் மாடி அடுப்பங்கரை. ஜனவரியில் வெளியே பனி. மேலே வைத்த பீப்பாயும் கீழே வைத்த பீப்பாயும் ஒரே நாளில் ஊற்றியதாக இருந்தாலும் ருசி மாறும். உள்ளே நுழைந்ததும் வரும் வாசத்தை, கேக் சுடும் பேக்கரியும் மழையில் நனைந்த மரக்கடையும் சேர்ந்தது என்று சொல்லலாம். வெளியே வந்து சித்தப்பா முதலில் கேட்டது, "இங்கே ஏதாவது தீப்பிடிச்சுதா?" கிடங்கைச் சுற்றி மரப்பட்டை, சுவர், வேலி எல்லாம் கரிப்பிடித்த மாதிரி இருந்தது. அது ஒரு பூஞ்சை. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகும் சாராயத்தைக் குடித்து வளர்வது. அந்த ஆவிக்கு 'தேவதைகளின் பங்கு' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் போகும், இங்கே 3 முதல் 5 வரை, பெங்களூரு வெயிலில் 10-க்கும் மேல்.

இதனால்தான் 12 வருட ஸ்காட்ச்சையும் 6 வருட பர்பனையும் வயதை வைத்து ஒப்பிடக்கூடாது. குளிர்ந்த ஊரில், பழைய பீப்பாயில் ஊறுகிற ஸ்காட்ச்சுக்கு நேரம் வேண்டும். புதுப் பீப்பாயும் கென்டக்கி வெயிலும் சேர்ந்தால் வேலை சீக்கிரம் முடியும். என் நாக்குக்கு 15 வருடம் தாண்டிய பல பர்பன்கள் வெறும் மரச்சாறு. விலை மட்டும் ஆயிரக்கணக்கான டாலர்.

ஸ்காட்ச் என்றால் முளைகட்டிய பார்லி, ஸ்காட்லாந்து, ஓக்கில் குறைந்தது 3 வருடம் (பிளெண்டட் ஸ்காட்ச்சில் மற்ற தானியமும் வரும்). நிறத்துக்குக் கேரமல் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. புகை வாசம் பீப்பாயிலிருந்து வருவதில்லை. பார்லியை உலர்த்தும்போது எரிக்கும் பீட் என்ற மக்கிய சதுப்புநில மண்ணிலிருந்து வருகிறது, அதுவும் எல்லா ஸ்காட்ச்சிலும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், இங்கே ஒரு தடவை உபயோகித்துத் தள்ளிவிடும் பீப்பாய்களில் ஏராளமானவை கப்பலேறி அங்கேதான் போகின்றன. ஐலா தீவின் லஃப்ரோய்க் போன்ற புகைமூட்ட விஸ்கிக்கு அடியில் தெரியும் லேசான வனிலா நம்மூர் பர்பன் விட்டுவைத்தது. (நம்மூராம்! ஏழு வருடத்தில் எனக்கும் கென்டக்கிக்காரன் புத்தி வந்துவிட்டது.)

ஐரிஷ் பெரும்பாலும் மூன்று முறை வடித்தது, மென்மையானது. ரை விஸ்கி பர்பனின் சகோதரன்: அதே புதுப் பீப்பாய், சோளத்துக்குப் பதில் குறைந்தது 51 சதவீதம் ரை தானியம், நாக்கில் மிளகுக் காரம். மேக்கர்ஸ் மார்க் மாதிரி சில பர்பன்களில், சோளத்தோடு வழக்கமாகச் சேர்க்கும் ரைக்குப் பதில் கோதுமை சேர்ப்பார்கள், காரம் அடங்கியிருக்கும்.

ஜாக் டேனியல்ஸ் பர்பனா என்பது ஒவ்வொரு பார்ட்டியிலும் வரும் சண்டை. அதில் 80 சதவீதம் சோளம், புதுப் பீப்பாய், எல்லா விதிக்கும் பொருந்துகிறது. ஆனால் பீப்பாயில் ஊற்றும் முன் சுமார் 10 அடி மேப்பிள் மரக்கரி வழியாகச் சொட்டுச் சொட்டாக வடிகட்டுகிறார்கள், அதனால் டென்னசி விஸ்கி என்றுதான் போட்டுக்கொள்வார்கள். சட்டப்படி தடையில்லை, மானப் பிரச்சினை.

இந்தியாவில் விஸ்கி என்று விற்பவற்றில் பல, கரும்பு மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) சாராயம் கலந்தவை. அந்தச் சாராயம் தானியத்தில் வடித்ததில்லை என்பதால், அது கலந்ததை ஐரோப்பாவில் விஸ்கி என்று விற்க விடமாட்டார்கள். அம்ருத், பால் ஜான் மாதிரி சிங்கிள் மால்ட்கள் (ஒரே டிஸ்டிலரியில் முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தவை) வேறு கதை, அவை அசல்.

வாங்கும் யோசனை இருந்தால் லேபிளில் 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று தேடுங்கள். புகையிலைச் சாறெல்லாம் கலந்து நிறமேற்றி விற்ற காலத்தில், 1897-ல் வந்த சட்டம் அது: ஒரே டிஸ்டிலரி, ஒரே பருவம், குறைந்தது 4 வருடம், 50 சதவீதச் செறிவு. இந்தியாவில் 2025 பிப்ரவரியில் பர்பனின் இறக்குமதி வரியை 150-லிருந்து 100 சதவீதமாகக் குறைத்தார்கள், ஆனாலும் விலை கசக்கத்தான் செய்யும். முதல் வாய் சும்மா, அடுத்ததில் நாலு சொட்டுத் தண்ணீர். கோலா ஊற்றுவதென்றால் இவ்வளவு நீளமாகப் படித்திருக்கவே வேண்டாம்.

சித்தப்பா கடைசிவரை ரம் கட்சிதான். ஆனால் ஊருக்குக் கிளம்பும் முன், செடிக்கடையில் பாதியாக அறுத்து விற்ற ஒரு பழைய பர்பன் பீப்பாயை என் தலையில் கட்டிவிட்டுப் போனார், கறிவேப்பிலை வைக்க. குளிர் வந்தபோது அந்தக் கனத்தை வீட்டுக்குள் நகர்த்த முடியவில்லை, செடி போய்விட்டது. இப்போது தக்காளி வைத்திருக்கிறேன். வெயில் ஏறும் மதியங்களில் பலகை சூடாகி இன்னும் வனிலா வாசம் அடிக்கிறது.