வேலூரில் ஒன்பது வயது மகளைக் கராத்தேயில் சேர்ப்பதா, சிலம்பத்திலா? நல்ல பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்தக் கலை என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காட்பாடியோ சத்துவாச்சாரியோ, முதலில் ஒரு வகுப்பை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், மகளும் வேண்டாம், நீங்கள் மட்டும் போங்கள்.

நான் அதைச் செய்யவில்லை. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகவே மகனை ஒரு கராத்தே வகுப்பில் சேர்த்தேன். சிமென்ட் தரை, நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே மாஸ்டர். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட், ஒவ்வொன்றுக்கும் தேர்வுக் கட்டணம். முட்டி வலிக்கிறது என்று பையன் சொன்னபோது, "தாங்கிக்கோ" என்று விட்டார்கள். கட்டா, அதாவது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசை, அழகாகச் செய்வான்; எதிரில் ஒருவன் கை ஓங்கினால் எந்தக் காலை நகர்த்துவது என்று தெரியாது. கராத்தேயைக் குறை சொல்லவில்லை, அந்த வகுப்பைச் சொல்கிறேன்.

இப்போது சிலம்பம் பழகுகிறான். காலை ஐந்தரைக்கு, மண் தரையில். முதல் மாதம் முழுக்கக் காலடி மட்டும்தான், கம்பைத் தொடவே விடவில்லை. கேட்டதற்கு, "கால் நின்னாதான் சார் கம்பு நிக்கும்" என்றார் வாத்தியார். பிறகு அவன் நெற்றி உயரத்துக்கு அளந்து ஒரு கம்பு கொடுத்தார். ஒருநாள் தொடுமுறை (இருவர் எதிரெதிரே நின்று கம்பால் ஒருவரையொருவர் தொடும் ஆட்டம்) பழகும்போது ஒரு சிறுமிக்கு விரலில் அடிபட்டது. உடனே எல்லோரையும் நிறுத்தினார், ஐஸ் வைத்தார், அவள் அப்பாவுக்குப் போன் செய்தார். அடித்த பையனைத் திட்டவில்லை. இடைவெளி எங்கே குறைந்தது என்று மெதுவாகச் செய்து காட்டினார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அன்றுதான்.

பெண் குழந்தை என்பதால் இன்னொன்றும் பாருங்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள் அங்கே தொடர்ந்து வருகிறார்களா? வந்தால் அது பெரிய நல்ல அடையாளம். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

சான்றிதழ் முக்கியம் என்றால், எந்தச் சங்கத்தின் பெயரில் தருகிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது, ஆனால் எல்லாச் சான்றிதழும் அதற்குச் செல்லாது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் சேர்ப்பதானால் காலை வகுப்பாகப் பாருங்கள், நம் ஊர் வெயிலில் நாலு மணிக்குத் திறந்தவெளியில் பிள்ளை சுருண்டுவிடும். வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல் மாதாமாதம் கட்டுங்கள்.