பூச்சி மாத்திரையை வேண்டாம் என்று சொல்லலாமா?

கேள்வி: வயிற்றில் புழு இருந்தால் அலர்ஜி, வீசிங் வராது என்று செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டில் புழு முட்டையையே மருந்தாகக் குடிக்கிறார்களாம். என் பேரனுக்கு மழை வந்தால் இழுப்பு. பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: சொல்லாதீர்கள் ஐயா. பேரன் மாத்திரையைச் சாப்பிடட்டும்.

அந்த வீடியோவில் பாதி உண்மை, அதனால்தான் எனக்குக் கவலை. குடலில் குடியேறும் புழு நம் எதிர்ப்பாற்றலை அடக்கி வைப்பது நிஜம். கொக்கிப்புழு ஒரு நொதியைச் சுரக்கிறது. ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்களை அழைக்க உடல் அனுப்பும் சமிக்ஞைப் புரதத்தையே அது வெட்டிப்போடுகிறது. சுண்டெலியின் குடலில் வாழும் ஒரு புழு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடல் தன் சண்டையைத் தானே தணித்துக்கொள்ளச் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தின் வேலையை, உருவில் அதோடு ஒட்டே இல்லாத வேறொரு புரதத்தால் செய்துவிடுகிறது. 2017இல் வெளியான கண்டுபிடிப்பு இது. அந்தப் புரதம் பட்டதும், டி செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் வெள்ளையணுக்களில் சாதாரணமானவை, மற்ற செல்களை அடக்கும் டி செல்களாக மாறிவிடுகின்றன. எவ்வளவு நுட்பம் பாருங்கள்!

ஆனால் இதெல்லாம் புழு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்வது. அந்த அமைதியில் கொக்கிப்புழு குடல் சுவரைக் கடித்துக்கொண்டு, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் குடிக்கும். பிள்ளை வெளுத்துப்போகும், பாடத்தில் மனம் நிற்காது. அடக்கப்பட்ட எதிர்ப்பாற்றல் தடுப்பூசிக்கும் சரியாக எழும்பாது. எத்தியோப்பியாவில், புழு இருந்தவர்களுக்கு முதலில் பூச்சி மருந்து கொடுத்துப் பிறகு பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டபோது பலன் கூடியது.

சரி, இழுப்பு? வியட்நாம் கிராமங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புழு நீக்கிப் பார்த்தார்கள். தோல் பரிசோதனையில் அலர்ஜிக் குறி கொஞ்சம் கூடியதே தவிர, ஆஸ்துமா கூடவில்லை. உருளைப்புழு உள்ளவர்களிடம் ஆஸ்துமா அதிகம் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. முட்டை குடிக்கும் வைத்தியமும் அப்படித்தான். பன்றிச் சாட்டைப்புழு முட்டையைக் குரோன் என்ற குடல் அழற்சி நோய்க்குக் கொடுத்த சிறு சோதனைகள் நம்பிக்கை தந்தன. பெரிய சோதனைகளில் பலன் தெரியாமல் 2013இல் நிறுத்தினார்கள். இப்போது விஞ்ஞானிகள் தேடுவது புழுவை அல்ல, அதன் புரதத்தை. அதை மருந்தாக்க முடிந்தால் மனதார வரவேற்பேன்.

புழு நமக்குத் தூரத்துச் சங்கதியும் இல்லை. திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் பெரியவர்கள் உட்பட ஊர் முழுக்க மாத்திரை கொடுத்துப் பார்த்ததே, பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் புழு மண்ணுக்குத் திரும்பத் திரும்ப வந்துவிடுகிறது என்பதால்தான்.

பேரனின் இழுப்புக்கு மருத்துவரைப் பாருங்கள். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் பழக்குங்கள், மருத்துவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். மாத்திரை கொடுக்கும் நாளில் அவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, விடுபட்டவர்களுக்குக் கொடுக்கும் நாளில் வாங்கிக் கொடுங்கள்.